வெயில், உப்புக்காற்று, நுளம்பு: எங்கள் டொல்பின் வானில் மூன்று வருடம் பாவித்த கேம்பர் உபகரணங்கள்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் டொல்பின் (டொயோட்டா ஹைஏஸ்) வானில் அப்பா பல வருடங்களாகப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றியிறக்கினார். முழங்கால் வலியினால் அவர் ஓட்டுவதை நிறுத்திய பிறகு, பின்புற ஆசனங்களைக் கழற்றி, பலகைக் கட்டிலும் சிறிய அலுமாரியும் வைத்து, நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இரவில் தங்கிப் பயணிக்கக்கூடிய கேம்பர் வானாக அதை மாற்றிக்கொண்டோம். கடந்த மூன்று வருடங்களில் வடக்கே பனிச்சங்கேணி, வாகரை வரையும் தெற்கே பொத்துவில், பாணமை, உகந்தை வரையும் அதில் போய்த் தங்கியிருக்கிறோம். இந்தக் காலத்தில் வாங்கிப் பொருத்திய மேலதிகப் பொருட்களில் எவை கொடுத்த பணத்துக்குப் பெறுமதியானவை, எவை இல்லாமலே சமாளிக்கக்கூடியவை என்பதை, இதே எண்ணத்தோடு பழைய வானொன்றை வைத்திருக்கும் எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

இப்பொருட்களைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டவர்கள் தங்கள் தேவைக்கு எழுதியவை. டீசல் ஹீற்றர், வெந்நீர்க் கொதிகலன், சுவருக்குள் திணிக்கும் தடித்த கம்பளிப் பஞ்சு ஆகியவை அவற்றில் முதலிடம் பெறுகின்றன. எங்களுக்கோ கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் 35 பாகை வெப்பம் சாதாரணம், இரவில் காற்று விழுந்தால் நுளம்பு, கரையோரமெங்கும் உப்பு, தார்வீதியை விட்டு இறங்கினால் மணல். ஆகவே காற்றோட்டத்தைத் தரும் பொருளுக்கும் நுளம்பைத் தடுக்கும் பொருளுக்கும்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பதே என் முடிவு. நாங்கள் அந்த வரிசையில் வாங்கவில்லை. முதலில் குளிர்ப்பெட்டியும் சோலார் பனலும் வாங்கிவிட்டு, பாசிக்குடாவில் முதல் இரவு முழுவதும் பிள்ளைகளுக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கூரை மின்விசிறி

கூரையில் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டிப் பொருத்தும் 12 வோல்ற்று மின்விசிறிதான் இந்த வானில் இருக்கும் பொருட்களிலேயே மிகச் சிறந்தது. வெளியே இழுக்கும் நிலையில் அதை ஓடவிட்டு, நிழல் பக்கத்து யன்னலொன்றை மட்டும் நான்கு விரல் அளவு திறந்து வைத்தால், படுக்கைக்கு மேலால் காற்று ஊர்ந்து போவது தெரியும். எல்லா யன்னல்களையும் அகலத் திறந்துவிட்டால் அந்த இழுவை கலைந்துவிடுகிறது. எல்லாவற்றையும் மூடினால் விசிறி வீணாகச் சுற்றுகிறது. குறைந்த வேகத்தில் அரை அம்பியர் அளவும் முழு வேகத்தில் மூன்று அம்பியர் அளவும் எடுப்பதால், இரவு முழுவதும் ஓடினாலும் பற்றரி தாங்கும்.

ஆனால் கூரையை வெட்டுவது சிறிய வேலையன்று. எங்களுக்கு அதைப் பொருத்தித் தந்த கராஜில் வெட்டிய தகட்டு ஓரத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு பூசாமல், மீன்தொட்டி ஒட்டும் சிலிக்கோனை மட்டும் சுற்றிவர அப்பிவிட்டார்கள். வெயிலில் தகடு விரிந்து சுருங்கச் சிலிக்கோன் ஓரத்தில் கிளம்பியது. அந்த வருடக் கார்த்திகை மழையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மெத்தையில் இறங்கியது. கழற்றிப் பார்த்தபோது விசிறிச் சட்டத்தின் நான்கு மூலையிலும் செம்மண் நிறத்தில் துருப்பொடி விரலில் ஒட்டியது. துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, சட்டத்தின் கீழே பியூட்டைல் ஒட்டுப்பட்டியை வைத்து இறுக்கிய பிறகு இரண்டு மாரி கடந்துவிட்டது. ஒரு துளி நீர் இறங்கவில்லை. பியூட்டைல் இறுகிக் காய்வதில்லை. தகட்டோடு சேர்ந்து அசைந்து கொடுக்கிறது. பொருத்தக் கொடுக்கும்போதே எந்த ஒட்டுப்பொருளைப் போடப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

நுளம்பு வலை

சறுக்குக் கதவுக்கென்று விற்கும் காந்த வலைத்திரையை வாங்கினோம். நடுவில் காந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் வகை அது. காற்று இல்லாத இடத்தில் நன்றாக மூடுகிறது. வாகரைக் கரையில் பின்னேரக் காற்று வீசத் தொடங்கியதும் நடுப்பிளவு திறந்து திறந்து மூடியது. உப்பு பட்டுப் பட்டுச் சில மாதங்களில் காந்தங்கள் துருப்பிடித்துத் துணியில் கறை ஏறியது. அதை எடுத்துவிட்டு, காத்தான்குடியில் ஒரு தையற்காரரிடம் கதவின் அளவைக் கொடுத்து, கீழே மணல் நிரப்பிய குழாய்த் துணியும் மூன்று பக்கமும் ஒட்டுப்பட்டியும் வைத்துத் தைப்பித்தோம். கடையில் வாங்கியதைவிட இது மலிவு. காற்றிலும் அசையாமல் நிற்கிறது.

வலையின் கண்ணளவைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. நுளம்பைத் தடுப்பதற்கு ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய கண் போதும். வாவியோரத்தில் மாலையில் மொய்க்கும், நுளம்பைவிடச் சிறிய பூச்சிகளையும் தடுக்க வேண்டுமென்றால் இன்னும் நெருக்கமான வலை தேவை. ஆனால் அது காற்றையும் பெருமளவில் தடுத்துவிடும். நாங்கள் கதவுக்கு அகன்ற கண் வலையும் படுக்கையருகே உள்ள இரு யன்னல்களுக்கு நெருக்கமான வலையும் போட்டிருக்கிறோம். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது என்பதனால், நின்ற இடத்தில் கதவைத் திறந்தவுடன் வலையை இறக்குவதைப் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறோம்.

யன்னல்களுக்கு வைக்கும் வெள்ளித் தகட்டு மறைப்புகளும் வாங்கத்தக்கவையே. அவற்றைக் கண்ணாடியின் உட்புறத்தில் வைப்பதைவிட வெளிப்புறத்தில் வைப்பதில் பலன் பன்மடங்கு. கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த வெப்பத்தை மறைப்பு திருப்பியனுப்பினாலும் அதில் ஒரு பங்கு வானுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. முன்கண்ணாடிக்கு மட்டும் வெளியே போடும் வகையை எடுத்தால் போதும்.

குளிர்ப்பெட்டியும் மின்சாரமும்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின் வெட்டிய காலத்தில் பற்றரி, இன்வேர்ட்டர் பற்றி எல்லா வீடுகளிலும் கொஞ்சம் கற்றுக்கொண்டோம். அந்த அறிவு போதும் என்று நினைத்துத்தான் நான் இரண்டு பிழைகள் விட்டேன்.

முதற்பிழை, விலை குறைவென்று வெப்பமின் வகைக் குளிர்ப்பெட்டியை வாங்கியது. அதில் கொம்பிரசர் கிடையாது. வெளி வெப்பத்தைவிடச் சுமார் 15 முதல் 20 பாகை வரை மட்டுமே அதனால் குறைக்க முடியும். வெளியே 34 பாகை இருக்கும்போது உள்ளே 14 பாகைக்குக் கீழே போகாது. வாழைச்சேனையில் வாங்கிய இறாலை அதற்குள் வைத்து வாகரை போய்ச் சேர்ந்து, மறுநாள் மதியம் திறந்தபோது அந்த மணத்தை வானிலிருந்து போக்க ஒரு வாரம் ஆயிற்று. பச்சை மீனும் இறைச்சியும் 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டியவை. ஆகவே எங்கள் காலநிலைக்கு அந்த வகைப் பெட்டியை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அதன்பின் வாங்கிய 40 லீற்றர் கொம்பிரசர் பெட்டி சொன்ன வேலையைச் செய்கிறது. எருமைத் தயிர்ச் சட்டியொன்றும் இரண்டு நாள் மீனும் பால் பைக்கற்றுகளும் அதில் அடங்கும். ஓடும்போது ஏறத்தாழ 45 வாற்று எடுக்கும். எங்கள் வெயிலில் பாதி நேரமாவது அது ஓடிக்கொண்டிருப்பதால் ஒரு நாளைக்கு 40 முதல் 45 அம்பியர்-மணி வரை செலவாகிறது. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் பற்றரியும் பனலும் வாங்க வேண்டும். 100 அம்பியர்-மணி ஈய-அமில பற்றரியில் பாதியைத்தான் பழுதாக்காமல் எடுக்கலாம். அது ஒரு நாளோடு முடிந்துவிடும். அதே அளவு லித்தியம் இரும்பு பொஸ்பேற்று பற்றரியில் பத்தில் எட்டு ஒன்பது பங்கை எடுக்கலாம். எடையும் பாதிக்குக் குறைவு. விலை அதிகந்தான். ஆனால் பல ஆயிரம் தடவை ஏற்றியிறக்கத் தாங்குவதால் மாதத்துக்கு இரு முறையாவது வெளியே போகிறவர்களுக்கு அது நட்டமாகாது. வருடத்துக்கு இரண்டு பயணம் மட்டும் போகிறவர்களுக்கு ஈய பற்றரியே போதும்.

லித்தியம் பற்றரியை, எஞ்சினோடு சுற்றி மின் தரும் ஒல்ரனேற்றரோடு நேராகத் தொடுக்கக் கூடாது. அது இழுக்கும் மின்னோட்டத்துக்கு எல்லை வைக்காவிட்டால் பழைய வானின் ஒல்ரனேற்றர் சூடேறி எரிந்துபோகும். இடையில் டீசி-டீசி சார்ஜர் வைக்க வேண்டும். ஈய பற்றரிக்கு, எஞ்சின் ஓடும்போது மட்டும் தொடுப்பை இணைக்கும் சாதாரண மின்னழுத்த ரிலே போதுமானது.

இரண்டாவது பிழை வயரில் நடந்தது. பாணமையில் ஒரு நடுஇரவில் குளிர்ப்பெட்டி தானாக நின்றுவிட்டது. பற்றரியில் பாதிக்கு மேல் மின் இருந்தது. மல்ரிமீற்றரை எடுத்துப் பற்றரி முனையில் வைத்தேன்: 12.2 வோல்ற்று. பெட்டியின் செருகியில், கொம்பிரசர் ஓடத் தொடங்கும் கணத்தில் வைத்தேன்: 11 வோல்ற்று. இடையில் ஐந்து மீற்றர் தூரத்துக்குப் போட்டிருந்த வீட்டு லைட் வயரும், சிகரற் லைற்றர் செருகியின் தளர்ந்த தொடுகையும் மீதியை விழுங்கிவிட்டன; பற்றரி தீர்ந்துவிட்டதாக எண்ணி, தன் பாதுகாப்புக்காகப் பெட்டி நின்றிருக்கிறது. செருகியைத் தொட்டபோது விரல் சுட்டது. அதன்பின் 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போட்டு, லைற்றர் செருகிக்குப் பதிலாகத் திருகிப் பூட்டும் செருகி வைத்து, பற்றரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 அம்பியர் ஃபியூஸ் பொருத்தினேன். இந்த மூன்றும் சேர்ந்து குளிர்ப்பெட்டி விலையில் ஒரு சிறு துண்டுதான். பிறகு ஒரு நாளும் நிற்கவில்லை. வயர் தடிப்பு, ஃபியூஸ் இரண்டிலும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பிள்ளைகள் தூங்கும் பலகைக்குக் கீழேதான் அந்த வயர் போகிறது.

சோலார் பனலைப் பொறுத்தவரை, கூரையில் தட்டையாகக் கிடக்கும் 100 வாற்றுப் பனல் எங்கள் வெயிலில் நாளொன்றுக்கு 400 வாற்று-மணி அளவு தருகிறது. குளிர்ப்பெட்டி மட்டுமே 500க்கு மேல் கேட்கிறது. எனவே 200 வாற்று வேண்டும். பனலிலிருந்து இயன்றளவு கூடிய மின்னை எடுக்கும் எம்பிபிடி (MPPT) வகைக் கட்டுப்பாட்டுக் கருவிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். ஆனால் இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. வெயிலில் நிறுத்தினால் பனல் வேலை செய்யும், வானுக்குள் இருக்க முடியாது. உகந்தையில் பாலை மரத்தடியில் நிறுத்தினால் இருக்கலாம், பனலில் ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே உற்பத்தி அடியோடு சரிந்துவிடும். கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று மறைந்தால் வரிசை முழுவதும் தடைப்படுகிறது. ஆகவே கூரைப் பனலோடு, நீண்ட வயரில் வெயிலுக்கு இழுத்துப் போடக்கூடிய மடிப்புப் பனல் ஒன்றை இவ்வருடம் வாங்கினேன். இப்போது மீண்டும் வாங்குவதானால் மடிப்புப் பனலை முதலில் வாங்குவேன். கடற்கரையில் இரண்டு நாள் நின்றால் பனலின் மேல் உப்பு வெள்ளையாகப் படியும். நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும்.

இரண்டு நாள் பயணம் மட்டுமே போகிறவர்களுக்கு இவையொன்றும் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தடித்த ரெஜிபோம் பெட்டியில் துறைமுகப் பக்கத்தில் கிடைக்கும் ஐஸ் கட்டியை உடைத்துப் போட்டு, உமியோ சாக்கோ சுற்றி வைத்தால் மறுநாள் இரவு வரை மீன் கெடாது. எங்கள் மீன் வியாபாரிகள் காலங்காலமாகச் செய்வது அதைத்தானே.

பக்கப் பந்தல்

வானின் பக்கவாட்டில் சுருட்டி வைத்து வெளியே இழுக்கும் கூடாரத் துணியை, இரண்டரை மீற்றர் நீளத்தில், கூரைக் கம்பியோடு பூட்டும் வகையில் வாங்கினோம். பொருத்துவது எளிது, விரிக்கப் பத்து நிமிடம் போதும். பகல் முழுவதும் சமையலும் சாப்பாடும் அதன் கீழேதான். துணி நல்ல துணி, மூன்று வருட வெயிலுக்கும் கிழியவில்லை. குறை அதனோடு வரும் முளைகளில் இருக்கிறது. புல்தரைக்குரிய மெல்லிய கம்பி முளைகள் கடற்கரை மணலில் வெண்ணெயில் குத்திய ஈர்க்கு போலக் கழன்று வருகின்றன. திருக்கோவிலில் ஒரு பின்னேரம் கச்சான் சுழற்றியடித்தபோது பந்தல் முழுவதும் தலைகீழாகக் கூரை மேல் போய் விழுந்து, அலுமினியக் கால் ஒன்று வளைந்தது. இப்போது நான்கு உரப்பைகள் கொண்டு போகிறோம். மணலை நிரப்பி, கயிற்றில் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்துவிட்டால் காற்று எதையும் அசைக்காது. அப்படிக் கட்டியிருந்தாலும் இரவில் சுருட்டி வைத்துவிட்டுத்தான் படுக்கிறோம்.

இப்படிக் கழற்றக்கூடியதாகப் பொருத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஜனவரியில் வாகனங்களில் அனுமதியின்றிப் பொருத்திய மேலதிக பாகங்களைப் பொலிசார் அகற்றச் செய்த காலத்தில், வெளியே துருத்திக்கொண்டிருந்த கம்பிகளையும் விளக்குகளையும் பலர் அவசரமாகக் கழற்ற வேண்டியிருந்தது. ஆசனங்களைக் கழற்றுவதற்கு முன்பும் கூரையை வெட்டுவதற்கு முன்பும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்கி வைத்திருங்கள்.

தண்ணீர், குளிப்பு, கழிப்பறை

தண்ணீருக்கு 20 லீற்றர் கான்கள் இரண்டும் காலால் மிதிக்கும் பம்பியொன்றும் போதும். மின்பம்பியில் பிள்ளைகள் திறந்துவிட்ட குழாயை மூட மறந்தால் கான் காலியாகிவிடும். கறுப்புப் பையில் வெயிலில் சூடாக்கிக் குளிக்கும் சாதனம் எங்கள் நாட்டுக்கு வேண்டாத பொருள். வயலுக்கு மருந்தடிக்கும் முதுகு டாங்கியைப் புதிதாக வாங்கி, அதில் தண்ணீர் மட்டும் நிரப்பி வைத்தால், 16 லீற்றரில் நான்கு பேர் கடல் உப்பைக் கழுவிக்கொள்ளலாம். ஒரு தடவையாவது மருந்து ஊற்றிய டாங்கியை இதற்குப் பாவிக்கவே கூடாது.

பெட்டிக் கழிப்பறையை ஆடம்பரம் என்று நினைத்து நான் நீண்ட நாள் தள்ளிப்போட்டேன். மனைவி பிடிவாதமாக நின்று வாங்குவித்தார். அவர் சொன்னதே சரி. பாணமையிலிருந்து உகந்தைக்குப் போகும் கிறவல் பாதையோரமெல்லாம் யானை நடமாடும் காடு. இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை எழும்பினால் வெளியே கூட்டிக்கொண்டு போக முடியாது. மகள் வளர வளர அது இன்னும் சிரமம். அடித்தொட்டி 20 லீற்றர் என்றால் நான்கு பேருக்கு இரண்டு நாள் தாங்கும். ஆடிவேல் விழாக் கொடியேற்றக் காலத்தில் கதிர்காமப் பாதயாத்திரைக்கு வரும் எங்கள் சித்தியும் பெரியம்மாவும் காட்டுப் பாதைக்குள் இறங்குவதற்கு முந்திய இரவு எங்கள் வானில்தான் தங்குகிறார்கள். வயதானவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அப்போது கண்டேன். தொட்டியை மலக்குழி உள்ள கழிப்பறையில் மட்டுமே ஊற்ற வேண்டும். ஆற்றிலோ வாவியிலோ மணலைத் தோண்டியோ ஊற்றுவது அந்த இடத்துக்கும் அங்கு வாழ்கிறவர்களுக்கும் செய்யும் அநியாயம்.

மணல்

மணலில் புதைந்த ரயருக்கு அடியில் வைக்கும் பிளாஸ்ரிக் பலகைகள் நல்லவை. டொல்பின் பின்சக்கர இழுவை. பின்புறம் பற்றரியும் தண்ணீரும் இருப்பதால் பிடிப்பு கிடைக்கிறது, அதே பாரத்தால் புதைவதும் விரைவு. ஆனால் பலகைக்கு முன் வாங்க வேண்டியது 12 வோல்ற்று காற்றுப் பம்பியும் அளவுமானியும். ரயர்க் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் பாதி இடங்களில் பலகை தேவைப்படாது. தார்வீதிக்கு ஏறியவுடன் மறக்காமல் பழைய அளவுக்கு அடித்துவிட வேண்டும். கோமாரியில் ஒரு தடவை பலகைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போய், தென்னை மட்டைகளைக் குறுக்காக அடுக்கி வெளியே வந்தோம்.

காஸ்

சமையலுக்கு 2.3 கிலோ சிலிண்டரை வானுக்கு வெளியே, பந்தலின் கீழ் வைத்துப் பாவிக்கிறோம். கையடக்கத் தகரக் குப்பிகளில் வரும் காஸ் வசதியானதுதான். ஆனால் 50 பாகைக்கு மேல் சூடாகக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். வெயிலில் மூடி நிறுத்திய வானின் உள்ளே அந்த வெப்பம் எளிதில் வந்துவிடும். காஸ் காற்றைவிடப் பாரமானதாகையால், சிலிண்டரை உள்ளே வைக்கிறவர்கள் அடித்தகட்டில் துளையுள்ள, படுக்கைப் பக்கம் காற்றுப்புகாதபடி மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கசிந்த காஸ் தரையோடு படுத்திருக்கும்.

மார்கழி மழையில் கதவை மூடிக்கொண்டு உள்ளே தேநீர் வைக்கத் தோன்றும். அப்போது உருவாகும் காபன் மொனொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதற்கான எச்சரிக்கை மணி ஒன்று ஒரு கிலோ தீயணைப்பானோடு எங்கள் கட்டில் தலைமாட்டில் இருக்கிறது. இந்த மணியின் உணரிக்கு ஆயுள் உண்டு. பெரும்பாலும் ஏழு முதல் பத்து வருடம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கியபோது கடைக்காரர் முதலில் எடுத்துத் தந்த பெட்டியைத் திருப்பி, பின்புறத்தில் அச்சிட்ட திகதியைப் பார்த்தேன். அதில் பாதிக் காலம் தட்டில் இருந்தே கழிந்திருந்தது. சொன்னதும் உள்ளே போய்ப் புதியதொன்றை எடுத்து வந்து தந்தார்.